ஆரல்வாய்மொழிப் பாலைவனம்

தாழக்குடி,
1949 ஜூன் 14.

அன்புள்ள நாயகிக்கு மதினி கோமளவல்லி எழுதிக்கொள்வது.

நாங்கள் இரண்டு பேரும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம். அங்கே வள்ளிநாயகம் அண்ணனும் பையன்களும் அப்படியே இருக்கத் தாணுமாலயனை வேண்டுகிறேன். சின்னவனுக்கு வேனல்கட்டி என்று எழுதியிருந்தாயே, உடைந்ததா?

இனி உன் அண்ணன் விஷயம். எனக்கு எழுத வேறு விஷயம் இருந்தால் நான் புண்ணியம் செய்தவள்.

மாசி மாதம் பென்ஷனாகித் திருவனந்தபுரத்திலிருந்து வந்தார். வாலிபத்திலிருந்து சர்க்கார் தோட்டத்தில் கண்ணாடி வீட்டுக்குள் வெளிநாட்டுக் கள்ளிச்செடிகளுக்குக் காவல் இருந்த மனுஷர், இனிமேலாவது வீட்டையும் வயலையும் பார்ப்பார் என்று நினைத்தேன். அறுப்பு நடந்தபோது வயல் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆரல்வாய்மொழியில் பொத்தைக் குன்றடியில் உங்கள் அப்பா வாங்கிப் போட்ட புஞ்சை விளை இருக்கிறதே, எள்ளு விதைத்தால் விதைத்த எள்ளும் திரும்பி வராத அந்த விளை, அங்கே போய் நிற்கிறார். பாலைவனம் உண்டாக்கப் போகிறாராம். சுற்றிலும் கள்ளித் தோட்டம், நடுவில் கூண்டு கட்டி உடும்பு, நரி, ஆமை, கௌதாரி. ஜனங்கள் வந்து பார்ப்பார்களாம்.

"யாரு வந்து பாப்பா?" என்று கேட்டேன்.

"கேட்டியா கோமு, பிறந்ததுலேருந்து குளத்தையும் வயலையும் பாத்துப் பாத்து நம்ம ஆளுகளுக்குக் கண்ணு குளுந்து போச்சு. காய்ஞ்ச பூமியிலயும் உசிரு உண்டும்னு காட்டணும்" என்றார்.

இவர் திருநெல்வேலிக்கு வடக்கே கால் வைத்ததில்லை. பாலைவனத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்.

ராதாபுரம் பக்கத்துத் தேரியிலிருந்து செம்மணல் வண்டி வண்டியாக வருகிறது. போன வாரம் திருவிதாங்கூர் எல்லைச் சுங்கச் சாவடியில் எல்லா வண்டியையும் நிறுத்திவிட்டார்கள். அரிசி கடத்துகிறார் என்று சந்தேகம். உள்ளே என்ன என்று கேட்டார்களாம். மணல் என்றாராம். மணலுக்கு அடியில் என்ன என்று கேட்டார்களாம். "அதுவும் மணலாக்கும்" என்றாராம். கம்பியை விட்டுக் குத்திப் பார்த்துவிட்டு, மணலுக்கு எந்தச் சட்டத்தில் வரி போடுவது என்று தெரியாமல் விட்டுவிட்டார்கள்.

இப்போது ஒட்டகம் வேண்டுமாம். வள்ளிநாயகம் அண்ணனுக்கு எழுதப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எழுதினால், ஜோத்பூரில் ஒட்டகமே கிடையாது என்று பதில் போடச் சொல்.

பையன்களை நான் கேட்டதாகச் சொல். பதிலை உடனே போடு.

கோமளவல்லி

—

ஜோத்பூர்,
1949 ஜூலை 19.

மதினிக்கு நாயகியின் வணக்கம்.

இங்கே நால்வரும் சௌக்கியம். சின்னவனுக்குக் கட்டி உடைந்து ஆறிவிட்டது. உங்களுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை.

உங்கள் கடிதம் திருவிதாங்கூர் அஞ்சலிலும் இந்தியத் தபாலிலும் கைமாறி வருவதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. அண்ணன் இவருக்கு மூன்று கடிதம் எழுதிவிட்டார். இவருக்கு அண்ணனிடம் இல்லை என்று சொல்லும் தைரியம் என்றைக்கு இருந்தது? ஒட்டகம் வாங்கியாகிவிட்டது. கூட்ஸ் வண்டியில் திருநெல்வேலி வரை வரும்.

எனக்கும் எரிச்சல்தான் மதினி. இங்கே குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காவல் நிற்கிறேன். தண்ணீர் வண்டி வந்தால் அடிதடி. தாழக்குடி வாய்க்காலில் காலை விட்டு உட்கார்ந்திருப்பதாகக் கனவு காண்கிறேன். அந்த வாய்க்கால்கரையில் இருந்துகொண்டு என் அண்ணன் என்னிடம் முள்செடி விதை கேட்கிறார். கேர் என்ற செடியின் விதை கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன். முளைக்காமல் போகட்டும்.

ஒட்டகத்தோடு ஒரு ஆள் வருகிறார். கேவல்ராம் என்று பெயர். உமர்கோட்டுக்காரர். அது இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. நல்ல மனிதர். அதிகம் பேசமாட்டார், கேள்வி கேட்டுத் துளைக்க வேண்டாம். சோறு பழக்கமில்லை, கோதுமை ரொட்டி சாப்பிடுவார். ஒட்டகம் வந்து சேர்ந்துவிட்டது என்று அவரை உடனே திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அண்ணனிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

வண்டிக்கு நேரமாகிறது. மற்றவை பிறகு.

நாயகி

—

தாழக்குடி,
1949 செப்டம்பர் 11.

அன்புள்ள நாயகிக்கு மதினி எழுதுவது.

முழங்கால் இருக்கிறது. எப்போதும் போல இருக்கிறது. உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் எழுதவும்.

ஒட்டகம் வந்தது. நேராக ஆரல்வாய்மொழியில் கொண்டு கட்டியிருக்கலாம். ஊரார் பார்க்க வேண்டும் என்று உன் அண்ணன் தோவாளை வழியாகத் தாழக்குடி வரை ஊர்வலம் விட்டார். தோவாளையில் செல்லத்தாய் என்று ஒருத்தி, பிச்சிப்பூவை ஓலைக் கடகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒட்டகம் கழுத்தை நீட்டிக் கடகத்தைக் காலி செய்துவிட்டது. மென்றுகொண்டே அவளைப் பார்த்ததாம்.

"சாமிக்குப் போற பூவாக்கும். அதுக்குத்தான் அறிவில்ல. உமக்குமா வே அறிவில்ல?" என்று அவள் கேட்டது மேலத்தெரு வரை கேட்டது.

இப்போது நான் கேட்கிறேன். நீ அனுப்பிய ஆள் ஒட்டகக்காரர்தானா?

கயிற்றைப் பிடித்து வந்தது உன் அண்ணன். கருப்பட்டித் துண்டைக் காட்டிக் காட்டி இழுத்து வந்தார். உன் ஆள் ஒரு துணி மூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாலு பனை தூரம் பின்னால் வந்தார். ஒட்டகம் கனைத்தால் இவர் பனைமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறார். தண்ணீர் காட்டுவதும் தழை போடுவதும் உன் அண்ணன்தான். பென்ஷன் வாங்கிய மனுஷர் ஒட்டகத்துக்கு வேலைக்காரர் ஆகிவிட்டார். கேட்டால், "அவரு களைச்சு வந்திருக்காரு, ரெண்டு நாளு இருக்கட்டும்" என்கிறார். மாதம் ஒன்றாகப் போகிறது.

பெயரும் ஒரு கஷ்டம். கேவல்ராம் என்று கூப்பிட்டால் யாரையோ கேவலம் என்று திட்டுவது போல இருக்கிறது. அதனால் ராமண்ணன் என்று மாற்றிவிட்டோம். ரேஷனில் கொடுத்த கோதுமையை நாங்கள் கஞ்சியாகக் காய்ச்சிக்கொண்டிருந்தோம். இவருக்காக மாவரைத்து ரொட்டி சுடப் பழகினேன். முதல் ரொட்டியைச் சுவரில் எறிந்தால் சுவர் உடையும். அதையும் குறை சொல்லாமல் தின்றார். அதுதான் எனக்கு என்னவோ போல் இருந்தது. பசிக்காகத் தின்கிறவர் அப்படித் தின்னமாட்டார்.

விளையில் ஒரு குடிசை போட்டுக் கொடுத்திருக்கிறோம். ரஸ்தாவில் பஸ் வந்து நின்றால் எழுந்து வந்து, இறங்குகிறவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார். யாரைத் தேடுகிறார்?

நான் கேட்டதற்கெல்லாம் பதில் போடு. பையன்கள் நன்றாகப் படிக்கட்டும்.

கோமளவல்லி

—

ஜோத்பூர்,
1949 அக்டோபர் 16.

மதினிக்கு வணக்கம்.

சௌக்கியம். உங்கள் சௌக்கியமும் அப்படியே என்று நம்புகிறேன். தீபாவளிக்கு இவர் வேட்டி எடுத்திருக்கிறார். பையன்களுக்குப் பரீட்சை. இங்கே காலையில் குளிர ஆரம்பித்துவிட்டது.

ஒட்டகத்துக்குக் கருப்பட்டி அதிகம் கொடுக்க வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். பூவும் நல்லதல்ல.

ராமண்ணன் என்று நீங்கள் பெயர் வைத்தது நன்றாக இருக்கிறது. அவர் தூங்குகிறாரா? நீங்கள் அதை எழுதவில்லை. அவரிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஹிந்தி தெரிந்தவர் யாரையாவது வைத்துச் சொல்லுங்கள்: இங்கே எல்லாம் அவரிடம் சொன்னபடியே நடக்கிறது. இவ்வளவு சொன்னால் போதும்.

நாயகி

—

தாழக்குடி,
1949 டிசம்பர் 9.

நாயகிக்கு மதினி எழுதுவது.

நலம் விசாரித்து எழுதும் நிதானம் எனக்கு இப்போது இல்லை. நீங்கள் நால்வரும் சுகமாகத்தான் இருப்பீர்கள், இருங்கள்.

நான் ஒரு பக்கம் கேள்வி கேட்டு எழுதினால் நீ வேட்டி எடுத்ததை எழுதுகிறாய். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் இந்தச் சுபாவம் இருக்கிறது. உன் அண்ணனிடம் உப்பு தீர்ந்துவிட்டது என்று சொன்னால், ஓந்தி நிறம் மாறுவதைச் சொல்வார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கண்ணைத் திறக்கவிடாத மழை. மேலே இருக்கிற குளம் உடைந்து பாலைவனத்துக்குள் வெள்ளம் வந்துவிட்டது. மணலில் தவளை கத்துகிறது. நரிக்கூண்டைத் தூக்கிப் பாறை மேல் வைத்தோம். ஆமை ஒன்று நீந்திப் போய்விட்டது. கள்ளியெல்லாம் வேரோடு அழுகுகிறது என்று உன் அண்ணன் ஓலைக்குடையை எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு கள்ளிக்கும் கொஞ்ச நேரம் குடை பிடித்துக்கொண்டு நின்றார். தான் நனைந்துகொண்டு கள்ளிக்குக் குடை பிடிக்கிற மனுஷரை நீ பார்த்திருக்கிறாயா? நான் பார்த்தேன். ரஸ்தாவில் போனவர்களும் பார்த்தார்கள்.

அப்போதுதான் ராமண்ணன் குடிசையிலிருந்து வெளியே வந்தார். கிடந்த கோணிச் சாக்குகளை எல்லாம் எடுத்துப் போனார். மறுநாள் அத்தனையும் ஒரே விரிப்பாக இருந்தது. கம்பு நட்டு அதைப் பந்தலாகக் கட்டினார். நான் தையலைத் தடவிப் பார்த்தேன். நாயகி, அது கோணி. கோணியில் கல்யாணச் சட்டைக்குப் போடுகிற தையல் போட்டிருக்கிறார்.

நாகர்கோவிலில் ஹிந்தி சொல்லிக்கொடுக்கிற குமாரதாஸ் சாரை வரவழைத்தோம். அவர் கேட்டார், இவர் சொன்னார். ஒட்டகத்தை வாழ்க்கையில் தொட்டதில்லையாம். தையல்காரராம். ஒட்டகக்காரன் என்று சொல்லச் சொன்னது நீயாம்.

உன் அண்ணன் கோபப்படுவார் என்று பார்த்தேன். தாடியைச் சொறிந்துகொண்டே, "அவரு ஒட்டகம் மேய்ச்சதில்ல. நான் பாலைவனம் பாத்ததில்ல. செரியாப் போச்சு" என்றார். அவ்வளவுதான்.

நீ சொல்லச் சொன்னதையும் குமாரதாஸ் சார் சொன்னார். அங்கே எல்லாம் சொன்னபடியே நடக்கிறது என்று. அதைக் கேட்டதும் அந்த மனுஷர் ஈர மணலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். குமாரதாஸ் சார் நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று என்னைப் பார்க்கிறார். நான் யாரைப் பார்ப்பேன்?

என்ன சொன்னாய் அவரிடம்? என்ன நடக்கிறது? ஒழுங்காக எழுது.

கோமளவல்லி

—

ஜோத்பூர்,
1950 பிப்ரவரி 2.

மதினிக்கு வணக்கம்.

கோபம் ஆறியிருக்கும் என்று நினைத்து எழுதுகிறேன். தாமதத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குச் சளிக்காய்ச்சல். குளிரில் வெளியே நிற்கக் கூடாது என்கிறார் டாக்டர்.

ஒட்டகக்காரர் என்று நான் சொன்னது பொய்தான். வேறு எப்படி அவரை அங்கே அனுப்புவது?

நாடு பிரிந்த மறு வருஷம் அவர் மட்டும் இங்கே வந்தார். இடம் பார்த்துவிட்டு எழுதுவதாகவும், பெண்சாதியும் மகளும் அடுத்த மாதம் வருவதாகவும் பேச்சு. அவர்கள் வரவில்லை. போட்ட கடிதங்களுக்குப் பதில் இல்லை. திரும்பிப் போக வழியில்லை. மேற்கிலிருந்து வருகிற வண்டியைப் பார்க்க ஸ்டேஷனுக்குப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் ஒரு கம்பிவேலிதான். வண்டி வந்தால் ஒவ்வொரு பெட்டியாக எட்டிப் பார்ப்பார். போனதும் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். வேலி வழியாக ரொட்டி கொடுத்தால் ஒரு நாள் தின்பார், ஒரு நாள் காக்கைக்குப் போடுவார். தையல் வேலை இரண்டு பேர் கொடுத்தார்கள், போகவில்லை. தான் இல்லாதபோது வண்டி வந்துவிட்டால் என்ன செய்வது என்பார். கடைசியில் வண்டி நிற்பதற்கு முன்னாலேயே ஓடிப்போய்க் கம்பியைப் பிடிக்க ஆரம்பித்தார். ஒரு தடவை இவர்தான் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

அந்தப் பெஞ்சிலிருந்து அவரை எழுப்ப வேண்டும். அதற்கு ஒட்டகம் வந்தது. அண்ணனின் பைத்தியம் ஒரு நல்ல காரியத்துக்கு உதவட்டும் என்று நினைத்தேன்.

"சொன்னபடி" என்று நான் எழுதியது ஒன்றுமில்லை. ஆறுதலுக்குத்தான்.

அண்ணனுக்கு வணக்கம். கேர் விதை முளைத்ததா?

நாயகி

—

தாழக்குடி,
1950 மே 7.

அன்புள்ள நாயகிக்கு மதினி.

உன் கடிதம் கிடைத்ததும் நான் போட்ட பதிலுக்கு இன்னும் ஒரு வரி வரவில்லை. காய்ச்சல் விட்டதா இல்லையா என்றாவது எழுதக் கூடாதா? இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

பாலைவனம் திறந்தாகிவிட்டது. பூதப்பாண்டியிலிருந்தும் சுசீந்திரத்திலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள். பத்மநாபபுரம் அரண்மனை பார்க்கப் போகிறவர்கள்கூட இறங்கிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஒட்டகம் பள்ளிக்கூடத்து இன்ஸ்பெக்டரின் தலைப்பாகையை எடுத்துக்கொண்டது. திருப்பித் தரவில்லை.

உன் அண்ணனுக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். இல்லை. வடசேரியில் தையல்கடை வைத்திருக்கிற ஞானசிங்கிடமிருந்து ஒரு பழைய மெஷினை வாங்கிக் குடிசையில் போட்டுக் கொடுத்தேன். இப்போது வருகிற பெண்களில் பாதிப்பேர் கையில் துணியோடு வருகிறார்கள். கைவிளிம்பில் சின்னக் கண்ணாடி வைத்துத் தைத்துக் கொடுக்கிறார் ராமண்ணன். கல்யாணம் வைத்திருக்கிற வீடு ஒன்றும் பாக்கியில்லை.

"பாலைவனம் பாக்க வந்தவளுக ஒருத்தியும் கள்ளியைப் பாக்கல்ல. எல்லாம் ரவிக்கைக்கு அளவு குடுக்காளுவ" என்று தினமும் புலம்புகிறார். சண்டை போட ராமண்ணனிடம் போனார். அவர் எழுந்து, நாடாவை எடுத்து, இவருக்குச் சட்டைக்கு அளவெடுத்து அனுப்பிவிட்டார். பாஷை தெரியாததால் அதோடு முடிந்தது.

ஆனாலும் பஸ் நின்றால் மெஷின் நின்றுவிடுகிறது. அது மட்டும் மாறவில்லை.

நீ ஏன் எழுதவில்லை? இனி நீ எழுதாவிட்டால் வள்ளிநாயகம் அண்ணனுக்கே எழுதிக் கேட்பேன்.

கோமளவல்லி

—

ஜோத்பூர்,
1950 ஜூன் 18.

தங்கச்சி கோமளவல்லிக்கு வள்ளிநாயகம் எழுதிக்கொண்டது.

தெய்வ கடாட்சத்தில் அனைவரும் க்ஷேமம். மைத்துனர் தேகநிலைக்கு எழுதவும்.

நாயகி எழுதவில்லை என்று கேட்டிருந்தாய். அவளுக்கு எழுத நேரம் எங்கே இருக்கிறது? நீ மதினியாக இருந்து கேட்டால்தான் உண்டு. நான் சொல்லி அலுத்துவிட்டேன்.

அந்தத் தையல்காரனை அனுப்பிவைத்த நாளிலிருந்து, மேற்கு வண்டி வருகிற போதெல்லாம் இவள் ஸ்டேஷனில் நிற்கிறாள். அவன் இருந்த இடத்தில் இவள். அவன் பெண்ணுக்கு இடது புருவத்தில் ஒரு வெட்டுக்காயத் தழும்பு உண்டாம். இறங்குகிற பெண்பிள்ளைகளை எல்லாம் நிறுத்திப் புருவத்தைப் பார்க்கிறாள். வண்டி தாமதமானால் வீட்டில் அடுப்பு தாமதம். காய்ச்சலோடு போனாள். மார்கழிக் குளிரில் போனாள். ஆபீசில், உன் சம்சாரம் யாரை எதிர்பார்க்கிறார் என்று கேட்கிறார்கள். நான் என்ன பதில் சொல்வது? டிக்கெட் கலெக்டர் இவளுக்கு ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்திருக்கிறான். அதைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கேட்டால், "நான் பாத்துக்கிடுகேன்னு சொன்னதுனாலதான் அவரு போனாரு. இப்போ எப்படி நிப்பாட்ட?" என்கிறாள்.

நீ எழுதி நிறுத்து.

வள்ளிநாயகம்

—

தாழக்குடி,
1950 ஜூலை 10.

நாயகிக்கு மதினி எழுதுவது.

வள்ளிநாயகம் அண்ணன் எழுதிவிட்டார். ஆறுதலுக்குச் சொன்னாயாம். ஒன்றுமில்லையாம். உன்னை என்ன சொல்லித் திட்டுவது என்றே தெரியவில்லை. உன் அண்ணன் கள்ளிக்குக் குடை பிடித்தார். நீ என்ன செய்கிறாய்? ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே நீங்கள்.

நிறுத்தச் சொல்லித்தான் உன் வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். நிறுத்து என்று எழுத இதோடு இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

இந்தப் பார்சலில் ஒரு கம்பளிச் சட்டை இருக்கிறது. ராமண்ணன் தைத்தது. உன் அளவு அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர் அளவு மறக்காது என்று குமாரதாஸ் சாரிடம் சொன்னாராம். வெறுங்காலோடு பிளாட்பாரத்தில் நிற்காதே.

கோமளவல்லி

—

ஜோத்பூர்,
1950 செப்டம்பர் 24.

மதினிக்கு வணக்கம்.

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை.

வந்துவிட்டார்கள்.

நான் பார்க்கவில்லை மதினி. ஒரு வருஷத்துக்கு மேல் புருவம் புருவமாகப் பார்த்தவள், அன்றைக்குத் தலைமுக்காடு போட்ட பெண்ணை விட்டுவிட்டேன். வண்டி போனபிறகு ஒரு அம்மாள் டிக்கெட் கலெக்டரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். தன் புருஷன் இங்கேதான் நிற்பதாகச் சொன்னான், எங்கே அவன் என்று. உமர்கோட்டுப் பேச்சு. நான் ஓடிப்போய் அந்தப் பெண்ணின் முக்காட்டை விலக்கினேன். அவள் பயந்து கத்திவிட்டாள்.

அம்மாள் பெயர் ஜம்னா, மகள் லச்சி. ஜம்னாவின் அப்பா படுக்கையில் விழுந்துவிட்டாராம். விட்டுவிட்டு வர மனசில்லை. அவர் போன ஆனியில்தான் கண்ணை மூடினார். அதற்கப்புறம் காகிதங்களுக்காக அலைச்சல். எழுதிய கடிதங்கள் எந்த எல்லையில் கிடக்கின்றனவோ.

அவர்களைத் தனியே அனுப்பமாட்டேன். நானே கூட்டி வருகிறேன். இவர் லீவில்லை என்றார். உங்கள் லீவை யார் கேட்டது என்றேன். நான் பிறந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது.

ராமண்ணனிடம் இப்போது சொல்ல வேண்டாம். சொன்னால் அவர் பாதி வழி ஓடி வருவார், நாங்கள் ஒரு வண்டியில் இருப்போம், அவர் ஒரு வண்டியில் இருப்பார்.

நாயகி

—

தாழக்குடி,
1950 அக்டோபர் 22.

அன்புள்ள அத்தானுக்கு நாயகி எழுதியது.

பத்திரமாக வந்து சேர்ந்தோம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? சின்னவன் காலையில் பால் குடிக்காமல் ஓடிவிடுவான், பார்த்துக்கொள்ளுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து பஸ். ஆரல்வாய்மொழியில் இறங்கியபோது மழை விட்டிருந்தது. விளை வாசலில் மதினியோடு அண்ணன் நின்றார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும், எப்போது வந்தாய், எப்படி இருக்கிறாய் ஒன்றும் இல்லை.

"வா நாயகி. செருப்பைக் கழத்தாத, முள்ளு கிடக்கும். இந்தப் பக்கத்துலேருந்து பாக்கணும், அதாக்கும் முறை."

"அண்ணே, ராமண்ணன் எங்க?"

"தச்ச துணியைக் குடுக்க வடசேரி போயிருக்காரு. அடுத்த பஸ்ஸுல வந்திருவாரு. அதுக்குள்ள பாத்து முடிச்சிரலாம்."

நான் யாரைக் கூட்டி வந்திருக்கிறேன் என்று சொன்னேன். மதினி அவரிடம் முன்பே சொல்லவில்லையாம். சொன்னால் ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவார் என்று. அவர் ஜம்னாவையும் லச்சியையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். அப்புறம், நின்றுகொண்டிருந்தால் நேரம் போகாது என்று சொல்லி அவர்களையும் சேர்த்துக் கூட்டிப் போனார்.

அத்தான், அந்தத் தோட்டத்தை நான் என்ன சொல்ல? சிவப்பு மணல் சேறாகக் கிடக்கிறது. கோணிப் பந்தலுக்குக் கீழே கள்ளிகள். அதில் இரண்டு பூத்திருந்தன. ஒரு கூண்டில் உடும்பு, ஒரு கூண்டில் நரி. நரி தூங்கியது. அண்ணன் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று அது எந்தத் தேசத்தது, எத்தனை நாள் தண்ணீர் இல்லாமல் இருக்கும் என்று சொன்னார். நான் ஜம்னாவுக்கு மாற்றிச் சொன்னேன். அவள் கண் ரஸ்தாவிலேயே இருந்தது. நான் அனுப்பிய கேர் விதை ஒன்று முளைத்து முழ உயரம் நிற்கிறது. ஜம்னா அதன் முன்னால் மட்டும் நின்று ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்லுகா?" என்று அண்ணன் ஆவலாகக் கேட்டார்.

"தண்ணி ஜாஸ்தியாப் போச்சாம்."

"அது நான் ஊத்தினதில்லன்னு சொல்லு. மேல இருந்து ஊத்துகதுக்கு நான் என்ன செய்ய?"

மாற்றிச் சொன்னேன். அவள் சிரித்தாள். வீட்டிலும் வழியிலும் நான் கூட இருந்த இத்தனை நாளில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

பஸ் வந்தது. ராமண்ணன் இறங்கினார். வேட்டியும், நம் ஊர்த் துண்டும். எனக்கே அடையாளம் தெரியவில்லை. பழக்கப்படி, இறங்குகிறவர்களைப் பார்க்க அவர் பஸ் பக்கமே திரும்பி நின்றார். எல்லோரும் இறங்கி பஸ் போகிற வரை நின்றார். நாங்கள் அவருக்குப் பின்னால் இருந்தோம். மதினிதான், "ராமண்ணே, இங்கின பாரும்" என்றாள்.

திரும்பினார். பக்கத்தில் வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார். ஜம்னாதான் போனாள். போய் முதல் வார்த்தையே திட்டு. ஸ்டேஷனில் நிற்பதாகச் சொல்லிவிட்டு இவ்வளவு தூரம் வந்து உட்கார்ந்திருக்கிறாயே, இது என்ன உடுப்பு, யார் கட்டச் சொன்னது என்று. திட்டிக்கொண்டே அவர் துண்டைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

லச்சிக்கு அப்பாவை நெருங்கக் கூச்சம். இரண்டரை வயது வளர்ந்துவிட்டாள், அவர் மனசில் இருந்தவள் சின்னப் பெண். அவர் அவள் முகத்தை விட்டுவிட்டு, பாவாடை கணுக்காலுக்கு மேலே நிற்பதைப் பார்த்தார். கழுத்தில் கிடந்த நாடாவை எடுத்தார். சேற்றில் மண்டி போட்டு, அவள் இடுப்பிலிருந்து பாதம் வரை அளந்தார். மறுபடி அளந்தார். நாடாவில் எண்ணை அவர் பார்க்கவே இல்லை. அவள் குனிந்து அவர் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒட்டகம் கனைத்தது. அப்பாவும் மகளும் ஒரே சமயத்தில் துள்ளி விலகினார்கள்.

அவர்கள் இங்கேயே இருக்கப் போகிறார்கள். வடசேரியில் ஞானசிங் கடையை ஒட்டி ஓர் அறை கிடைத்திருக்கிறது. அண்ணனுக்குத்தான் வருத்தம். இனி பாலைவனத்துக்குப் பெண்கள் வரமாட்டார்கள் என்று இப்போது சொல்கிறார்.

நான் சுசீந்திரத்து மார்கழித் தேர் முடிந்து வருகிறேன். உங்களைக் கேட்காமல் முடிவு செய்ததற்குக் கோபிக்க வேண்டாம். வாய்க்காலில் தினமும் குளிக்கிறேன்.

இன்னொன்று. நான் ஸ்டேஷனில் நின்றபோது வேறு சிலரும் தங்கள் ஆட்களைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். பெயர்கள் டிக்கெட் கலெக்டருக்குத் தெரியும். ஆபீசிலிருந்து திரும்புகிற வழிதான்.

நாயகி

—

ஜோத்பூர்,
1950 நவம்பர் 12.

நாயகிக்கு.

பையன்களும் நானும் க்ஷேமம். சின்னவன் பால் குடிக்கிறான். நான் வைக்கிற குழம்பைத்தான் இரண்டு பேரும் தொடுவதில்லை.

ஆபீசிலிருந்து திரும்புகிற வழி என்று எழுதியிருக்கிறாய். ஆபீஸ் ஸ்டேஷனுக்குக் கிழக்கே இருக்கிறது, வீடும் கிழக்கே இருக்கிறது. இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு இது தெரியாதா?

போனேன். டிக்கெட் கலெக்டர் உன் ஸ்டூலை எடுத்துப் போட்டான். உட்காரவில்லை, நின்றேன். அவன் சொன்ன பெயர்களைக் கூப்பிட்டேன். என் உச்சரிப்புக்குப் போர்ட்டர்கள் சிரித்தார்கள். முதல் இரண்டு வண்டியில் யாரும் இல்லை. நேற்றைய வண்டியில் ஒரு கிழவரும் இரண்டு பெண்களும் இறங்கினார்கள். நான் கூப்பிட்ட பெயர் எதுவும் அவர்களுடையதில்லை. ஆனால் இறங்கியதும் அவர்கள் கேட்டது மதராசி அம்மா எங்கே என்று. ஸ்டேஷனில் ஒரு மதராசி அம்மா நிற்பாள், அவளைப் பார்த்தால் போதும் என்று அந்தப் பக்கத்தில் யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

இப்போது நம் வீட்டில் இருக்கிறார்கள். சமையலை அந்தப் பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள். பையன்கள் நன்றாகச் சாப்பிடுகிறார்கள்.

அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள், தேர் முடிந்து வந்துவிடுவாள் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். சொன்னபடி வந்து சேர்.

வள்ளிநாயகம்